நாற்காலிக் கையில் ஒரு சிவப்புப் புள்ளி

2004-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். விருதுநகரில் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளராக இருந்தேன். மிளகாய் மண்டிகளுக்கு நடுவே ஒரு மாடி அறைதான் அலுவலகம். யார் வந்தாலும் முதலில் தும்முவார்கள், அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். வத்தல் நிலவரம், உளுந்து நிலவரம், அமைச்சர் வருகை, ஆலை விபத்து, இவைதான் என் வேலை. பதினோரு வருடத்தில் நான் எழுதிய செய்திக்கு ஒரு திருத்தம்கூட வெளியானதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வாரம், ஞாயிறு இணைப்பில் கலைப் பக்கம் எழுதுபவருக்கு அம்மை போட்டுவிட்டது. மதுரையிலிருந்து ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் ஊரில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி நடக்கிறது, அரைப் பக்கம் வேண்டும் என்றார். எனக்கு ஓவியம் தெரியாதே என்றேன்.

"படத்துல என்ன இருக்குன்னு எழுதாதீங்க, அது பாக்குறவனுக்கே தெரியும். என்ன அர்த்தம்னு எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்ன இருக்கிறது என்பதை மட்டுமே எழுதிப் பழகியவன் நான். முதல் முறையாக அர்த்தம் எழுதக் கிளம்பினேன்.

மண்டபத்தில் அருவி, கோபுரம், மாட்டுவண்டி, குழந்தை கிருஷ்ணன் என்று வரிசையாக மாட்டியிருந்தார்கள். அருவிக்கு முன்னால் நல்ல கூட்டம். மூலையில் இருந்த பதினான்காம் எண் படத்துக்கு முன்னால் மட்டும் ஆள் இல்லை. காவலாளி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா நான் என்னமோ குத்தம் பண்ணுன மாதிரியே பாக்குது சார். மூணு நாளா யோசிக்கேன், என்ன பண்ணுனேன்னு பிடிபட மாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கை வைத்த மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய ஆள் அளவு, எண்ணெய் வண்ணம். வரைந்தவர் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்துக்காரர், பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்குப் படம் போடுகிறவர். லேபிளில் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பழகிய கை. அதனால் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. முகத்தில் வண்ணத்தை மெல்லிய தோல் போலப் பூசியிருந்தார். கைகளுக்கு வந்தபோது அதையே கெட்டியாக அப்பியிருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி நிறத்தில் மின்னின. மணிக்கட்டுக்கு மேலே தோலில் இரண்டு மூன்று வெளிறிய வளையங்கள். விளக்கு வெளிச்சம் என்று குறித்துக்கொண்டேன். கையில் வளையல் இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. இடது புருவம் பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது, உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன. கண்கள் நம்மைப் பார்க்காமல் நம் தோளுக்குப் பின்னால் யாரையோ எரித்துவிடுவதுபோலப் பார்த்தன. கருவிழி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நீலச் சதுரம். நாற்காலிக் கையில் ஒரே ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஓவியர் டீ குடிக்கப் போயிருக்கிறார், பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று காவலாளி சொன்னார். ஐந்து மணிக்குள் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும் என்று நான் கிளம்பிவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அன்று எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால் காது சூடாகிறது. வெறும் நெற்றியும் வெறும் கைகளும் "பட்டாசுத் தொழில் பலிகொண்ட ஒரு கணவனுக்குச் சாட்சி." கண்ணில் இருந்த நீலச் சதுரம் "அவளுக்காக ஒருநாளும் திறக்காத ஜன்னல்." உப்பிய கன்னம் "விழுங்கவும் முடியாத, துப்பவும் முடியாத கோபம்." வெள்ளிக் கைகள் "சமூகம் மாட்டிவிட்ட அழகான விலங்கு." பாதிப் புருவம் "ஓவியரின் தூரிகை தயங்கி நின்ற இடம்." சிவப்புப் புள்ளியைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்: "ஒரு துளி ரத்தம். இந்த ஓவியத்தின் மையமே அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வெளியானது. ஆசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார். ஓவியரும் கூப்பிட்டார். "சார், அருமையா எழுதியிருக்கீங்க. இதுல ஒண்ணுகூட நான் யோசிக்கவே இல்ல" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தம்பதி மாடியேறி வந்தார்கள். இருவரும் தும்மி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தப் பத்தி எழுதுனது நீங்கதானா?" என்று ஆண் கேட்டார்.

"ஆமா, நீங்க?"

"நான்தான் சார் செத்துப்போனவன்."

பக்கத்தில் நின்ற பெண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். படத்தில் இருப்பவர்தான். ஆனால் நெற்றியில் பெரிய பொட்டு, கை நிறைய வளையல், வாய் ஓயாத பேச்சு. என்னால் அடையாளம் காண முடியாததற்கு அந்தப் பேச்சுதான் காரணம்.

"இவுக உசுரோட இருக்கையிலயே மாசத்துல நாலு நாளுதான் வீட்டுக்கு வருவாக. நீங்க செத்துட்டாகன்னு எழுதுனா யாரு சார் நம்ப மாட்டாக?" என்றார்.

"டீக்கடையில எனக்கு டீயக் கையில தர மாட்டேங்கான் சார். இலை போட்டுப் படைக்கவாங்கான்" என்றார் கணவர்.

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு நின்றது.

கணவர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா வரை லாரி ஓட்டுபவர். அவர்கள் மகளை வெம்பக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பையன் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறான், அப்பா பிரிந்து போய்விட்டார், அம்மாவும் தாய்மாமனும்தான். அன்றைக்கு இவர் ஊரில் இல்லை. பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, லோடுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் பேசி முடித்து, தை முடிவதற்குள் நிச்சயம் என்று இருந்த நேரத்தில் என் கட்டுரை வந்தது.

"இல்லாத ஆளை லோடுக்கு அனுப்பிருக்கீகளேன்னு தரகர்ட்ட சொல்லி விட்டுட்டாக சார். எம் மகளுக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கு. ரெண்டு நாளா எங்ககூட அவ பேச்சே இல்ல" என்றார் அந்த அம்மா.

"நானே நேர்ல போய் நின்னேன்" என்றார் கணவர். "பையனோட மாமன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, ஆளு யாரு வேணும்னாலும் வரலாமேன்னுட்டாரு. ரேசன் கார்டக் காட்டுனேன். செத்தவுக பேர எந்த ஊர்ல ரேசன் கார்டுல இருந்து எடுத்திருக்காகன்னு கேக்காரு. என்ன சார் பதில் சொல்ல?"

நான் கட்டுரையை எடுத்து மேசையில் விரித்தேன். சில வரிகளைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். நீலச் சதுரம் ஓவியர் வீட்டு டிவி. ஆலை வேனை விட்டு இறங்கியதும் நேராக எதிர்வீடான ஓவியர் வீட்டுக்குப் போய் உட்காருவாராம். ஆடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஓவியர் டிவியில் நாடகம் போட்டுவிடுவாராம்.

"அன்னைக்குன்னு பாத்து அந்த மாமியாக்காரி மருமக காப்பியில எதையோ கலக்குறா. நான் பெறகு எப்பிடிப் பாப்பேன்?"

"கன்னம்?"

"நான் பேசிக்கிட்டே இருக்கேன்னு அவரு சம்சாரம் ஒரு கமர்கட்ட எடுத்து வாயில திணிச்சு விட்டுட்டாக. அது லேசுல கரையாது. கடிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது."

அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஏறக்குறைய சரியாக எழுதியிருந்தேன்.

வளையலைப் பற்றிக் கேட்டபோது, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். ஆலை கேட்டிலேயே வளையல், மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் உலோகம் உரசக் கூடாது. தாலி மஞ்சள் கயிற்றில், ரவிக்கைக்குள் இருக்கும். வீடு வந்த பிறகுதான் எல்லாம் மறுபடி ஏறும். எத்தனை ஆலை விபத்துச் செய்திகள் எழுதியிருக்கிறேன். எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன ரசாயனம் என்று எல்லாம் தெரியும். காலையில் கேட்டில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"பொட்டு?" என்றேன்.

அந்த அம்மாவின் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது. "அதுதான் தெரியல சார். வச்சிருந்தேன். எங்கன போச்சுன்னு தெரியல" என்றார்.

திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சினேன். புதன்கிழமை வந்தது: "ஞாயிறு இணைப்பில் இடம்பெற்ற ஓவியத்தில் உள்ள பெண்ணின் கணவர் நலமாக உள்ளார்." பதினோரு வருடத்தில் என் முதல் திருத்தம். காலை ஏழு மணிக்கே கணவர் தொலைபேசியில் வந்தார்.

"பாத்தேன் சார். மிளகா வத்தலுக்குக் கீழ, துவரம்பருப்புக்கு மேல இருக்கேன். அங்கன யாரு சார் என்னையத் தேடுவாக? நீங்களே வந்து சொல்லுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பஸ் ஏறி வெம்பக்கோட்டைக்குப் போனோம். தாய்மாமன் தோட்டம் வைத்து விவசாயம் பார்ப்பவர். டீக்கடையிலிருந்து வாங்கிவந்த அந்த ஞாயிறு இணைப்பை, வடை எண்ணெயோடு, பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அச்சில் வெள்ளிக் கைகள் கரிக் கைகளாக மாறியிருந்தன. பாதிப் புருவம், நீலச் சதுரம் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது வெறும் நெற்றி மட்டும்தான்.

நான் எழுதியது தவறு, இவர்தான் கணவர், நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். மாமன் பதிலுக்கு என் கட்டுரையை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். நல்ல குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றிப் படித்தார். "பலிகொண்ட ஒரு கணவனுக்குச் சாட்சி" என்ற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரே கொஞ்சம் கலங்கிவிட்டார்.

"சரி சார், நீங்க சொல்றதாலே புருசன் இருக்காருன்னே வச்சுக்கிடுவோம்" என்றார் மாமன். "புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில எதுக்கு இப்பிடி மூளியா உக்காந்து படம் எழுதச் சொல்லணும்? வீட்டுல நல்ல காரியம் நடக்கப் போகுது, இது என்ன கோலம்?"

அந்த அம்மா ஆலை கேட்டு விஷயத்தைச் சொன்னார். மாமன் கேட்டுக்கொண்டார்.

"கை சரி. பொட்ட எந்தக் கம்பெனியில கழட்டச் சொல்றான்?"

கணவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். என் அரைப் பக்கத்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

பையனின் அம்மா அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் வேறொரு பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதையில நீங்க இவுகளப் பாத்திருந்தீகளா?"

"இல்லம்மா. படத்தைத்தான் பார்த்தேன்."

"அப்ப நானும் படத்தைப் பாக்கணும்."

"யக்கா, அதான் பேப்பர்லயே போட்டிருக்கே" என்றார் மாமன்.

"அது வடை மடிச்ச பேப்பரு. நீ சும்மா இருலே" என்றார் அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கண்காட்சிக்குக் கடைசி நாள். பையனின் அம்மாவும் மாமனும் காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். எங்களோடு உள்ளே வந்த பெண்ணைக் காவலாளி பார்த்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். மறுபடி பெண்ணைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

பையனின் அம்மா படத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். நான் நின்ற இடத்தைவிட மிகவும் பக்கம். முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்து ஆரம்பித்தார்.

"மருந்து அடைக்கிற ரூமா?"

"ஆமா."

"அலுமினியப் பொடி அங்கனதான் இப்பிடி வெள்ளியா ஒட்டும். என்ன சோப்புப் போட்டாலும் போகாது." மணிக்கட்டுக்கு மேலே விரலைக் காட்டினார். "இந்தா பாருலே, வளையல் தடம். நெதம் போடுற கையில்லாம இந்த வெளுப்பு வருமா?" தன் வளையல்களை மேலே தள்ளி, தன் கையில் இருந்த அதே வெளிறிய வளையங்களைத் தம்பிக்குக் காட்டினார். விளக்கு வெளிச்சம் என்று நான் குறித்துக்கொண்டது அதைத்தான்.

பிறகு கண்களுக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த நாடகம்?" என்றார்.

அந்த அம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "காப்பியில கலந்தாள்ல, அன்னைக்கு. சரியா அந்த நேரம் கரண்டு போயிருச்சு. மருமக குடிச்சாளா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"அவ எங்க குடிச்சா? பூனை தட்டி விட்டுருச்சுல்ல."

"அப்பிடியா? நான் குடிச்சிட்டான்னுல்ல நெனச்சேன்."

"யக்கா, பொட்டு" என்று ஞாபகப்படுத்தினார் மாமன்.

பையனின் அம்மா படத்தை மேலிருந்து கீழே துழாவினார். கண் நெற்றிக்குப் போனது, கழுத்துக்கு வந்தது, மடிக்கு இறங்கியது. நாற்காலிக் கையில் வந்து நின்றது. குனிந்தார்.

"இந்தா இருக்கு."

எல்லோரும் குனிந்தோம். நான் ரத்தத் துளி என்று எழுதிய கருஞ்சிவப்புப் புள்ளி. இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் அதன் ஓரம் வட்டமாக, சீராக இருந்தது. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பளபளப்புகூட வைத்திருந்தார் அந்த லேபிள் ஓவியர். ஸ்டிக்கர் பொட்டு.

"வந்ததும் மூஞ்சி கழுவியிருப்பீக. கழட்டி இங்கன ஒட்டி வச்சிட்டு, திரும்ப எடுத்து வைக்க மறந்துட்டீக."

"கழுவுனேன், கழுவுனேன்" என்றார் அந்த அம்மா. "நாடகம் ஆரம்பிச்சிருச்சேன்னு ஓடியாந்து உக்காந்துட்டேன்."

மாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, என் பக்கம் திரும்பினார்.

"சார், ரத்தம்னு எழுதியிருந்தீக."

"ஆமா."

"மையமே அதுதான்னு எழுதியிருந்தீக."

"ஆமா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் செய்த பெரிய உதவி அது.

கிளம்பலாம் என்று நாங்கள் நகர்ந்தபோது பையனின் அம்மா மட்டும் நின்றார். இப்போது பாதிப் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காதோரத்து முடியை ஒதுக்கினார். காதுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு முடி முளைக்காத, தீயில் வெந்து சுருங்கிய தோல் இருந்தது.

"உங்களுக்கு எப்ப?" என்றார்.

"மக வயித்துல ஏழு மாசம்."

"எனக்கு, எம் மகன் அஞ்சாப்புப் படிக்கையில."

பையனின் அம்மா முடியை மறுபடி காதின் மேல் தள்ளிக்கொண்டார். என் கையில் குறிப்பேடு இருந்தது. தூரிகை தயங்கி நின்ற இடம் என்று நான் எழுதியிருந்த வரி நினைவுக்கு வந்து, அதைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த ஓவியரின் தூரிகை எங்கேயும் தயங்கியிருக்கவில்லை.

"வாங்க மதினி, ஒரு டீயக் குடிப்போம்" என்றார் பையனின் அம்மா.

அதுவரை அவர் சம்பந்தி முறை சொல்லிக் கூப்பிடவில்லை. மதினி என்ற சொல் வந்ததும் கணவர் விட்ட பெருமூச்சு வாசலில் இருந்த காவலாளிக்கே கேட்டிருக்கும். டீக்கடையில் மாமன் கணவருக்குத் தன் கையாலேயே டீ கிளாஸை எடுத்துக் கொடுத்தார். "உங்களுக்குச் சீனி போடலாம்ல?" என்று கேட்டதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

வைகாசியில் கல்யாணம். பந்தலில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "என்னையக் கொன்ன சார் இவருதான்" என்று அறிமுகம் செய்துவைத்தார். எனக்குப் பந்தியில் இரண்டாம் முறையும் பாயசம் கிடைத்தது அதனால்தான்.

பதினான்காம் எண் படம் விலைக்குப் போகவில்லை. ஓவியர் அதை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை விஸ்வநத்தம் போனபோது அவர்கள் வீட்டில் பார்த்தேன். டிவிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். அதே முறைப்பு, அதே கமர்கட்டு. படத்தின் நெற்றியில் மட்டும் ஓர் அசல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"ஓவியரு கோவிச்சுக்கிடலையா?" என்று கேட்டேன்.

"அவரு என்னத்தக் கோவிக்கிறது? உள்ளத வரையிறேன்னு சொன்னவருதான. உள்ளது இதுதான்" என்றார் அந்த அம்மா.

அதன் பிறகு எத்தனையோ முகங்களைப் பற்றி எழுதிவிட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் கை வெறுமையாக இருந்தது என்று எழுதும் முன், வளையல் எந்தப் பையில் இருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் இன்றும் பேனாவைத் திறக்கிறேன்.